குப்புசாமி என்பது யார்?

1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் கோள் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் முன்னால் கடந்துபோனது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராத ஒரு கணத்தில் சில நொடிகள் நட்சத்திரத்தின் ஒளி குறைந்து மீண்டது. அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த ஜேம்ஸ் எலியட்டின் அமெரிக்கக் குழுவும் இப்படியான மங்கல்களைக் கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்துகொண்டது இவ்வாறுதான். மறைக்கப்பட்ட நட்சத்திரத்திற்குப் பெயர் எஸ்.ஏ.ஓ. 158687. பெயர் என்றா சொன்னேன்? எண் அது. ஸ்மித்சோனியன் வானாய்வகப் பட்டியலில் அத்தனையாவது உருப்படி. இன்றைக்கும் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அந்த எண்ணைக் கொடுத்து அதே நட்சத்திரத்தை, வேறொன்றை அல்ல, எடுத்துவிட முடியும்.

காவலூரில் பார்த்ததைப் பற்றி அவ்வாண்டே 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர்கள் இருவர்: ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி. நட்சத்திரத்தைப் போலவே இந்தக் குப்புசாமியையும் எடுக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

முடியாது. குறிப்புப் பட்டியல்களில் குப்புசாமி என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் பி. குப்புசாமி. மைசூரில் இருந்த உளவியலாளர். 1976இல் அவர் வகுத்த சமூகப் பொருளாதார அளவுகோலை இன்றும் நம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். கல்வி, தொழில், குடும்ப வருமானம் மூன்றையும் கூட்டி நோயாளி எந்த வர்க்கம் என்று சொல்லிவிடும். விலைவாசிக் குறியீடு ஏற ஏற வருமானக் கணக்கைத் திருத்தி யாராவது புதுக் கட்டுரை போடுவார்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் குப்புசாமி இருப்பார். ஆள் போய் அளவுகோல் ஆகிவிட்டார். இன்னொருவர் எஸ். குப்புசுவாமி சாஸ்திரி, மாநிலக் கல்லூரி சமஸ்கிருதப் பேராசிரியர், 1943இல் இறந்தவர். சமஸ்கிருத நூல்களையும் நூலாசிரியர்களையும் திரட்டும் பேரட்டவணையைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1935இல் தொடங்கியபோது அதன் தலைமையில் இருந்தவர். அதாவது, ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டவர், இன்று தானே பிரித்தெடுக்கப்படவேண்டியவராக நிற்கிறார். தமிழில் ஒரே குப்புசாமிதான். ஆங்கிலத்தில் 'வ' சேர்த்தும் சேர்க்காமலும், கடைசியில் 'ஐ' போட்டும் 'ஒய்' போட்டும் நான்கு குப்புசாமிகள். நான்கையும் இனிஷியல்களால் பெருக்கிப் பாருங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து என்று வந்ததுதான் ஆர்கிட். பூவின் பெயர் போல ஒலித்தாலும் சுருக்கெழுத்து அது. விரித்தால் திறந்த ஆய்வாளர் மற்றும் பங்களிப்பாளர் அடையாளம் என்று பொருள்படும். 'பங்களிப்பாளர்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். 2009இல் பேச்சு தொடங்கி, 2010இல் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவாகி, 2012 அக்டோபரிலிருந்து எண் வழங்குகிறது. தொடக்க மென்பொருள் தாம்சன் ராய்ட்டர்ஸ் என்ற வணிக நிறுவனத்தின் சரக்கு. எல்லாம் அறிவுலகத் தூய்மையிலிருந்து பிறந்தது என்று யாரும் நினைக்கவேண்டியதில்லை. 2016 ஜனவரியில் ராயல் சொசைட்டி உள்ளிட்ட சில பதிப்பாளர்கள் சேர்ந்து, எண் இல்லாத ஆசிரியரின் கட்டுரையை ஏற்கமாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். நம் கல்லூரிகளுக்குள் அது இப்படித்தான் நுழைந்தது, வாசலில் கேட்கப்பட்ட கடவுச்சீட்டாக.

எண் பதினாறு இலக்கம். நான்கு நான்காக எழுதுவார்கள். முதல் பதினைந்தும் அடையாளம். பதினாறாவது, முந்தைய பதினைந்தையும் வரிசையாகக் கூட்டி இரட்டித்து வந்த தொகையை 11ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியிலிருந்து பிறக்கும் காவலாளி. எண்ணைத் தப்பாக எழுதினால் அது காட்டிக்கொடுத்துவிடும். காவலாளியின் கணக்கு 10 என்று வந்தால் ஓரிலக்கத்தில் அடங்காது, அங்கே ரோமன் எக்ஸ் போடுவார்கள். எடுத்துக்காட்டுக்கு அந்த அமைப்பே தரும் எண் 0000-0002-1825-0097. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மீதி 5, 12இலிருந்து கழித்தால் 7, சரியாக இருக்கிறது. இதில் வேடிக்கை, எண்ணுக்குரியவர் ஜோசையா கார்பெரி என்ற பேராசிரியர். அப்படி ஒருவர் கிடையாது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1929இல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட ஒரு போலிச் சொற்பொழிவு அறிவிப்பில் பிறந்தவர், துறை விரிசல் விட்ட பானைகளின் உளவியல். நூறாண்டை நெருங்கும் ஒரு கேலி மனிதருக்கு எண் இருக்கிறது. காவலூரை நிறுவிய வைணு பாப்புவுக்கு இல்லை. அவர் 1982இல் இறந்துவிட்டார், உயிரோடிருந்து தாமே பதிவுசெய்பவர்களுக்குத்தான் ஆர்கிட்.

நமது சிற்றிதழ்களில் 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்ற வாக்கியம் பத்தாண்டுக் காலம் ஓடியது. ரோலன் பார்த்தை மொழிபெயர்த்தோம், அரைகுறையாக மேற்கோள் காட்டினோம், டீக்கடையில் அதற்காகச் சண்டைபோட்டு நட்பை முறித்துக்கொண்டோம். அந்தக் காலத்து நண்பர்கள் சிலர் இப்போது சொல்வது: இந்த எண்தான் ஆசிரியனின் சவத்தைத் தோண்டியெடுத்து அடையாள அட்டை மாட்டுகிற வேலை, ஆய்வாளனுக்கான ஆதார், ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பின் கடைசி வடிவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபூக்கோ 1969இல் 'ஆசிரியன் என்பது என்ன?' என்று ஆற்றிய உரையைத் திரும்ப எடுத்துப் படித்தால் விஷயம் இவ்வளவு எளிதில்லை. அதில் அவர் புனித ஜெரோமைக் கொண்டுவருகிறார். ஒரே பெயரில் பல பிரதிகள் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஜெரோம் நான்கு அளவைகள் வைத்திருந்தார். மற்றவற்றைவிடத் தரம் தாழ்ந்ததை நீக்கு. கருத்தில் முரண்படுவதை நீக்கு. நடையில் வேறுபடுவதை நீக்கு. ஆள் இறந்த பிறகு நடந்ததைப் பேசுவதை நீக்கு. இன்றைய தரவுத்தளங்கள் பெயர்களைப் பிரிக்க எழுதிவைத்திருக்கும் நிரல்களும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கின்றன; கருத்துக்குப் பதில் துறை, நடைக்குப் பதில் கூட்டாளிகள், ஆயுளுக்குப் பதில் பணியிடம். அந்த நிரல்களின் பார்வையில் ஒரு ஆய்வாளர் துறை மாறக்கூடாது, ஊர் மாறக்கூடாது, நண்பர்களை மாற்றக்கூடாது. மாறினால் இரண்டு ஆளாக உடைந்துபோவார். இந்த வன்முறையை ஆர்கிட் செய்வதில்லை என்பதை நண்பர்கள் கவனிக்கவில்லை. ஒருமை எங்கே இருக்கிறது என்று அது பிரதிக்குள் தேடுவதில்லை. 'இவையெல்லாம் நான்தான்' என்று ஆள் சொன்னால் சரி என்று எழுதிக்கொள்கிறது.

நமக்கு இது புதிய சிக்கலும் இல்லை. ஔவையார் எத்தனை பேர், சங்கக் கபிலரும் பதினோராம் திருமுறைக் கபிலரும் ஒருவரா என்று நூறாண்டாக நம் இலக்கிய வரலாறு ஜெரோம் வேலைதான் பார்த்துவருகிறது. 1940இல் வையாபுரிப்பிள்ளை சங்கப் பாடல்களைத் தொகை வரிசையை விட்டுப் புலவர் வரிசையில் அடுக்கி ஒரு பதிப்புப் போட்டாரே, அதை ஒரு பெரும் பெயர்ப் பிரிப்பு வேலையாகவும் வாசிக்கலாம். 473 புலவர்கள் என்று ஒரு கணக்கு. பெயரே கிடைக்காதவை 102 பாடல்கள். இடையில் ஒரு விசித்திர வகை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பெயர் தொலைந்துபோன இடத்தில் பாடலிலிருந்தே ஒரு தொடரை உருவி ஆளுக்குச் சூட்டிவிட்டார்கள். ஆசிரியனிடமிருந்து பிரதி பிறக்கிறது என்ற வரிசை இங்கே தலைகீழாக இருக்கிறது, பிரதி தன் ஆசிரியனைப் பெற்றெடுத்துப் பெயரும் வைக்கிறது. பார்த்துக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! ஆனால் அந்தப் பெயர் ஒரு பாடலோடு தீர்ந்துவிடும். அதே புலவர் இன்னொரு தொகையில் வேறு பெயரில் பாடியிருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை. நிலைத்த அடையாளம் என்பதன் தேவை எங்கே தொடங்குகிறதோ அந்த இடம் இது: ஒரு ஆள், இரண்டாவது பிரதி.

இனி நம் பெயர்களுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை விஷயத்தின் மையம் இதுதான்.

மேற்கின் குறிப்பு முறை குடும்பப் பெயரின் மேல் கட்டப்பட்டது. வானியலாளர்கள் பயன்படுத்தும் நாசா தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பத்தொன்பது எழுத்துக் குறி ஒன்று உண்டு. ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம், கடைசியில் முதல் ஆசிரியரின் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. காவலூரின் யுரேனஸ் குறிப்பு பட்டாச்சார்யாவின் 'பி'யில் முடியும். வங்காளிக்குச் சிக்கல் இல்லை. தமிழருக்கு? குடும்பப் பெயரே கிடையாது. தன் பெயர் ஒன்று, முன்னால் அப்பாவின் பெயரிலிருந்து ஓரெழுத்து. சீனிவாச ராமானுஜன் என்கிறது உலகம், ஏதோ சீனிவாசன் என்பவர் ராமானுஜன் குடும்பத்தில் பிறந்ததைப்போல. சீனிவாசன் அவருடைய அப்பா. சி.வி. ராமன் பெயரில் 'சி' என்பது அப்பா சந்திரசேகரர். வெங்கட்ராமன் என்ற ஒரே பெயரை 'வி' என்றும் 'ராமன்' என்றும் வெட்டிவிட்டார்கள். அவர் அண்ணன் மகன், நோபல் பெற்ற சந்திரசேகருக்குக் 'குடும்பப் பெயர்' சந்திரசேகர், அதாவது தாத்தாவின் பெயர். சித்தப்பாவிடம் இனிஷியலாக இருப்பதும் அண்ணன் மகனிடம் குடும்பப் பெயராக இருப்பதும் ஒரே கிழவர். யந்திரத்துக்கு இவர்கள் உறவே இல்லாத இருவர்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று ஒரு தரவுத்தளத்தில் என் அப்பா பெயரில் ஏறியிருக்கிறது. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அவர்கள் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து, கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று முடிவுசெய்துகொண்டார்கள். அப்பா மூன்றாம் வகுப்புவரை படித்தவர், மல்லாட்டை பயிரிட்டு வாழ்ந்தவர். குறியியல் பற்றிய இரண்டு ஆய்வேடுகளில் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அவரு பேர்லதானே நெலமும் இருக்குது, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

சிரிப்புக்கு அப்பால் இதில் ஒரு அரசியல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லாமற்போனது தற்செயல் இல்லை. பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கேயும் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானித்தது. (கார்பெரி பிறந்த அதே ஆண்டு. ஓரிடத்தில் இல்லாத ஆளுக்குப் பெயர் முளைத்தது, இன்னோரிடத்தில் இருக்கிற ஆட்களின் பெயர் வால் உதிர்ந்தது.) முழுதாக நிறைவேறியது என்று சொல்லமாட்டேன். இனிஷியலுக்குள் அப்பா மட்டும் ஆணாதிக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார், சாதி கல்யாணப் பத்திரிகைக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஆனாலும் பொது வெளியில் வெறும் பெயரோடு நிற்கும் ஒரு சமூகத்தை அது உண்டாக்கியது. அப்படி நிற்பவரிடம் போய் வடிவத்தாள் 'உன் குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்கும்போது, உதிர்த்த வாலைத் திரும்ப ஒட்டச் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. வெளிநாடு போன நம்மாட்கள் சிலர் ஒட்டியும்கொண்டார்கள். தாத்தாவின் அய்யரும் பிள்ளையும் கவுண்டரும் கட்டுரைத் தலைப்பின் கீழே எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறோம்.

ஆர்கிட் பதிவில் கட்டாயமானது தன் பெயர் மட்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். வேறு எழுத்துக்கூட்டல்கள், வேறு மொழி வடிவங்கள், திருமணத்துக்கு முந்தைய பெயர் எல்லாவற்றையும் 'இப்படியும் அறியப்படுவேன்' என்று வரிசையாகச் சேர்க்கலாம். எண்ணுக்குள் நாடு இல்லை, துறை இல்லை, ஆணா பெண்ணா இல்லை. சாதி சொல்லாத அடையாளத்தை ஒரு பெயராகக் கண்டுபிடிக்க நாம் திணறியிருக்க, ஒரு எண்ணாக அது வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. குறிப்பான் எதையும் குறிக்காமல் சுட்ட மட்டும் செய்கிறது. இதை அதிகாரத்தின் சதி என்று ஒரே மூச்சில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆதாரோடு ஒப்பிடுவதும் பாதிதான் சரி. அந்த எண்ணிலும் தகவல் இல்லை, சரிபார்ப்பு இலக்கம் உண்டு, பிறந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆணையம் 2009 ஜனவரியில், முதல் எண் 2010 செப்டம்பர் 29இல் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்ற ஆதிவாசிக் கிராமத்தில். ஆனால் அங்கே விரல்ரேகையும் கண்பாவையும் கொடுத்து 'நீ நீதான்' என்று நிரூபிக்கவேண்டும், ரேகை தேய்ந்த கிழவி ரேஷன் கடையில் நிற்கவேண்டும். ஆர்கிட் நிரூபணம் எதையும் கேட்பதில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி, அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்தில்தான் வேறொரு தொந்தரவு. காவலூரிலிருந்து ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17இல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சனுக்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் கழித்து இந்திய மண்ணிலிருந்து கிடைத்த முதல் குறுங்கோள். உடனே யாரும் அதற்கு நிலையான எண் கொடுத்துவிடவில்லை. முதலில் 1988 டி.க்யூ.1 என்று ஒரு தற்காலிகக் குறி. மேலும் மேலும் பார்த்து, சுற்றுப்பாதை ஐயமில்லாமல் கணக்கிடப்பட்ட பிறகுதான் 4130 என்ற எண். அதற்குப் பிறகே ராமானுஜன் என்ற பெயர். கல்லுக்கு இவ்வளவு சோதனை. ஆய்வாளருக்கு ஒன்றும் கிடையாது. 'இந்தக் கட்டுரை என்னுடையது' என்று யாரும் எழுதிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய ஆசிரியத்துவமும் எண்ணின் கீழே கௌரவமாக உட்காரும். பல்கலைக்கழக மானியக் குழு 2010 விதிகளில் பதவி உயர்வைக் கட்டுரைகளின் மதிப்பெண்ணோடு கட்டிப்போட்ட பிறகு இங்கே என்ன நடந்தது என்று கல்லூரி வாத்தியார் யாரையும் கேட்டால் சொல்வார். தரச்சான்றுக் குழு வரும் வாரத்தில் துறைத்தலைவர் ஆசிரியர்களை உட்காரவைத்து ஆர்கிட் ஒன்று, இன்ஃப்ளிப்நெட்டின் வித்வான் எண் ஒன்று என்று எடுக்கச் சொல்கிறார். எடுத்தபின் பெரும்பாலோர் திறந்து பார்ப்பதில்லை. காலியான எண்கள். அந்த எண் ஒரு நபரைச் சுட்டுகிறதா, ஒரு கோப்பைச் சுட்டுகிறதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும், சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆனால் போலிகளைவிட என்னை உறுத்துவது சொல்ல வாயில்லாதவர்கள். எண்ணின் வாசற்படி 'நான் இதைச் செய்தேன்' என்று சொல்வது. யாரால் அப்படிச் சொல்ல முடிகிறது?

காவலூரிலிருந்து மலைக்குள்ளே ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள். பெயர்க் குழப்பத்துக்கு இவர்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி, தமிழ் பேசுகிறார்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். கேரளத்தோடு சம்பந்தம் கிடையாது. அரசின் பட்டியலில் இவர்கள் பழங்குடி, ஆனால் அடைப்புக்குறிக்குள் மாவட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன: தர்மபுரி, வட ஆர்க்காடு, சேலம் என்று. அடைப்புக்குறிக்குள் வராத ஈரோட்டின் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி அதே பெயரை வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகச் சான்றிதழ் கேட்டு அலைகிறார். பெயர் ஒன்று, அடையாளம் வேறு.

இந்த மலையின் மருந்துச் செடிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன, வந்துகொண்டுமிருக்கின்றன. வடிவம் எல்லாவற்றிலும் ஒன்றே. முகப்பில் ஆசிரியர்கள், புதியவற்றில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்தில் ஆர்கிட் சின்னம். உள்ளே ஒரு அட்டவணை. செடியின் லத்தீன் பெயர், அதன் பின்னால் 'எல்' என்ற ஒற்றை எழுத்து, அதாவது லின்னேயஸ். தாவரவியலில் பெயரிட்டவருக்கு இப்படி நிலைத்த சுருக்கம் உண்டு. பிரம்மிட், பவல் இருவரும் 1992இல் அதைத் தொகுத்துத் தரப்படுத்தினார்கள். ஆக, இறந்து இருநூற்றைம்பது ஆண்டு ஆகப்போகும் ஸ்வீடன்காரருக்கு நிலைத்த அடையாளம் இருக்கிறது. உலர்த்தி ஒட்டிய செடிக்கு உலர்தாவர நிலையத்தில் எண் இருக்கிறது. கட்டுரைக்கு எண் இருக்கிறது. எழுதியவர்களுக்கு எண் இருக்கிறது. இந்த இலையை அரைத்து இந்த அளவில் இத்தனை நாள் கொடு என்று சொன்னவர் இருக்கிறாரே, அவர் 'தகவலாளிகள்' என்ற கூட்டுத்தொகைக்குள் ஒரு அலகு. ஆண் இத்தனை, பெண் இத்தனை, வயது இத்தனையிலிருந்து இத்தனைவரை.

இங்கேதான் ஆர்கிட்டின் விரிவில் இருக்கும் 'பங்களிப்பாளர்' என்ற சொல்லைத் திரும்ப எடுக்கிறேன். ஆய்வாளர் மட்டுமல்ல, பங்களித்தவருக்கும் என்று அந்தப் பெயரே உறுதிகொடுக்கிறது. 2014இலிருந்து பங்களிப்பு வகைகளுக்கு ஒரு சர்வதேசப் பட்டியலும் புழக்கத்தில் இருக்கிறது. பதினான்கு வகை. கருத்துருவாக்கம், முறையியல், தரவுப் பராமரிப்பு, நிதி திரட்டல், மேற்பார்வை என்று போகிறது. பணம் வாங்கிக்கொடுத்தவருக்கு இடம் உண்டு. அறிந்து சொன்னவருக்குப் பதினான்கில் ஒன்றுகூட இல்லை.

நமது நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். பின்னிணைப்பில் தகவலாளிகள் பட்டியல் இருக்கும்: பெயர், வயது, சாதி, படிப்பு, ஊர். சாதியைக் கேட்டு எழுதினார்கள் என்ற அசிங்கம் அதில் உண்டுதான். ஆனாலும் பெயர் இருந்தது. பத்தாண்டு கழித்து இன்னொரு மாணவர் அதே ஊருக்குப் போய் அதே பாட்டியைத் தேட முடிந்தது. ஆங்கிலக் கட்டுரையின் அட்டவணையிலிருந்து யாரையும் தேடிப் போக முடியாது. நெறிமுறைக் குழு ரகசியம் காக்கச் சொல்கிறது என்பார்கள். நோயாளியின் ரகசியம் வேறு, மருத்துவரின் ரகசியம் வேறு. மலையில் இலை பறித்துக் கொடுப்பவரை நோயாளியின் இடத்தில் வைத்துக் காப்பாற்றுவதாகச் சொல்வது, அவர் அறிந்தவர் என்பதை மறுப்பதற்குக் கிடைத்த நாகரிகமான வழி என்றே நினைக்கிறேன்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானது. மலையில் ஒருவர் பெயர் எழுத்தில் ஏறுவது நல்ல செய்தியாக இருந்த காலம் குறைவு. பெயர் எழுதப்படுவது என்றால் வனத்துறையின் வழக்கேட்டில். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊர்களின் பெயர் அச்சில் வந்தது அப்போதுதான். மருந்துச் செடியோடு ஒருவரின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போட்டால் அடுத்த வாரமே மூட்டை மூட்டையாக வாங்க வியாபாரி வருவான், பின்னாலேயே ரேஞ்சர் வருவார். ஆக எல்லோருக்கும் எண் கொடு என்று கோஷம் போடுவது என் நோக்கமில்லை. அடையாளமின்மை சிலருக்குக் கவசம். ஆனால் அந்தக் கவசத்தை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? ஆர்கிட் எண் வைத்திருப்பவர் தன் பதிவில் எதை எல்லோருக்கும் காட்டுவது, எதை மறைப்பது என்று வரிவரியாகத் தேர்ந்துகொள்ளலாம். மலையாளிப் பெரியவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஒப்புதல் படிவம் என்று ஒன்றில் விரல்ரேகை வாங்குகிறார்களே, அதில் 'உங்கள் பெயரைப் போடலாமா?' என்ற ஒரு வரி சேர்க்க எந்தச் சர்வதேச அமைப்பின் அனுமதியும் தேவையில்லை.

இறந்தவர்களுக்கும் வழி இல்லாமலில்லை. ஆர்கிட் எண்கள் ஐ.எஸ்.என்.ஐ. என்ற இன்னொரு சர்வதேச எண்முறையிடமிருந்து ஒதுக்கி வாங்கப்பட்டவை. அது நூலகர்கள் கொடுப்பது. எழுதியவர், பாடியவர், நடித்தவர், இறந்தவர் எல்லோருக்கும் பொது. அங்கே ஆள் தானே வந்து சொல்லவேண்டியதில்லை, அவருக்காக இன்னொருவர் சொல்லலாம். நமது பல்கலைக்கழக நூலகங்கள் தரச்சான்று வாரத்தில் காலி எண்கள் எடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் குப்புசாமிகள் எப்போதோ பிரிந்திருப்பார்கள்.

அவர்களுக்கெல்லாம் மூத்த ஒருவர் வரிசையில் நிற்கிறார். சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் தென்வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார், 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார், 1880இல் இறந்தார். நட்சத்திரத்துக்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். அன்றிலிருந்து இன்றுவரை எல்லாப் பட்டியல்களிலும் அது ஆர் ரெட்டிகுலிதான். அவர் பெயரை ஆங்கிலத்தில் சிலர் ஒரே சொல்லாகவும், சிலர் ரகுநாத என்றும் சாரி என்றும் பிளந்தும், சிலர் வெறும் 'சி' போட்டும், பழைய ஏடுகளில் 'ரகூ' என்று நீட்டியும் எழுதியிருக்கிறார்கள். சாரி என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்ட அட்டவணையில் அவரைத் தேடுகிறவர் 'ச'வில் தேடவேண்டும். சிந்தாமணி என்று நினைத்துத் தேடினாலும் 'ச'தான், ஆனால் பக்கம் வேறு.